சுவர் முன் ஒரு மணி நேரம்

மாமல்லபுரத்தில் பேருந்தை விட்டு இறங்கி, கடற்கரைக் கோயிலுக்குப் போகும் அவசரத்தில் இருப்பவர்கள் அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கொடுப்பதில்லை. யானைகள் முன்னால் ஒரு படம், குழந்தையைத் தூக்கிப் பிடித்து இன்னொரு படம், கிளம்பியாயிற்று. அதே பாறைக்கு எதிரே ஒரு மணி நேரம் உட்காருகிறவருக்கு வேறு காட்சி கிடைக்கிறது. பாறையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பிளவு. பிளவுக்குள் நாகர்கள். மழைக்காலத்தில் மேலே தேங்கும் நீர் வழிந்திறங்கும் பாதை அதுதான். பெரிய யானைக்கு அருகே பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனை ஒன்று. அதைச் சுற்றி, ஏமாந்து நிற்கும் எலிகள். 7ஆம் நூற்றாண்டுச் சிற்பிக்குக் கிண்டல் செய்யவும் நேரம் இருந்திருக்கிறது.

பொதுவெளிக் கலையைக் கற்க வருகிறவருக்கு அந்தப் பிளவே முதல் பாடம். வேறொருவர் என்றால் வெடித்த பாறை வேண்டாம் என்று அடுத்த பாறைக்குப் போயிருப்பார். பல்லவச் சிற்பி வெடிப்பை ஆறாக்கிவிட்டார். தவம் செய்பவர் அர்ச்சுனனா, பகீரதனா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஆற்றைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை.

இந்த அத்தியாயத்தின் முதல் பாதி, தெருவில் இருக்கும் கலையை எப்படிப் பார்ப்பது என்பது. இரண்டாம் பாதி, தெருவில் எப்படி வரைவது என்பது. வரிசையை மாற்றி, முதலில் வண்ணம் வாங்கிவிட்டுப் பிறகு இடம் தேடுகிறவர்கள்தான் பெரும்பாலும் சிக்கலில் மாட்டுகிறார்கள்.

தேடி வராத பார்வையாளர்

அருங்காட்சியகத்துக்குள் நுழைபவர் சீட்டு வாங்கிக்கொண்டு, பார்க்கத் தயாராகி வருகிறார். பிடிக்கவில்லை என்றால் அடுத்த அறைக்குப் போய்விடலாம். பேருந்து நிறுத்தத்தில் நிற்பவருக்கு அந்த வசதி கிடையாது. எதிர்ச்சுவரில் என்ன வரைந்திருக்கிறதோ அதைத் தினமும் காலை 8 மணிக்கு அவர் பார்த்தாக வேண்டும். பொதுவெளிக் கலையின் சிக்கல்கள் எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைப்பவை.

இதற்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் உதாரணம் நியூயார்க்கில் நடந்தது. 1981இல் அமெரிக்க அரசின் ஏற்பாட்டில், ஃபெடரல் பிளாசா என்ற சதுக்கத்தில் ரிச்சர்ட் செர்ரா 'டில்டட் ஆர்க்' என்ற படைப்பை நிறுவினார். 120 அடி நீளம், 12 அடி உயரம். லேசாகச் சாய்ந்து, சதுக்கத்தைக் குறுக்காக வெட்டி நின்ற துருநிற எஃகுச் சுவர். நேராக நடந்து அலுவலகத்துக்குள் போனவர்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. நடப்பவருக்கு அந்த இடத்தைப் புதிதாக உணர்த்துவதுதான் சிற்பியின் நோக்கம். நடந்தவர்களில் பலருக்கு அது இடைஞ்சலாகவே பட்டது. 1985இல் பொது விசாரணை வைத்தார்கள். இருக்கட்டும் என்று 122 பேரும், எடுத்துவிடுங்கள் என்று 58 பேரும் சாட்சி சொன்னார்கள். அப்படியும் 1989 மார்ச்சில் அது துண்டாக்கப்பட்டுக் கிடங்குக்குப் போனது. அந்த இடத்துக்காகவே செய்ததை வேறிடத்தில் வைப்பதும் அழிப்பதும் ஒன்றுதான் என்பது செர்ராவின் வாதம். பெரும்பான்மைச் சாட்சியம் கூட ஒரு படைப்பைக் காப்பாற்றாமல் போகலாம் என்பதையும், விசாரணை என்பது படைப்பு வருவதற்கு முன்னால் நடக்க வேண்டியது என்பதையும் இந்தக் கதை சேர்த்தே சொல்கிறது.

தமிழ்நாட்டில் இந்த விசாரணையைத் தினமும் விடியற்காலையில் நடத்திவருவது கோலம். வாசல் வீட்டுக்கும் சொந்தம், தெருவுக்கும் சொந்தம். போடுகிறவர் தன் வீட்டெல்லைக்குள் குனிந்திருந்தாலும், அவர் வரைவது தெருவில் போகிறவருக்காக. பக்கத்து வீட்டுப் புள்ளி எண்ணிக்கை, மார்கழி என்றால் எதிர்வீட்டுப் பரங்கிப்பூ எல்லாம் கணக்கில் வரும். மாலைக்குள் கால்பட்டு, சக்கரம் பட்டு அழிந்துவிடும் என்று தெரிந்தேதான் போடுகிறார்கள். வாசல் எவ்வளவு பொது என்பதற்கு 2019 டிசம்பரில் பெசன்ட் நகரில் நடந்ததைச் சொல்லலாம். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்க்கும் வாசகங்களோடு கோலமிட்டவர்களைப் போலீசார் பிடித்துப் போனார்கள். அரிசி மாவுக்கும் அனுமதி கேட்கும் நிலை வந்தது.

படிக்கும் முறை

தெருவில் உள்ள ஒரு சிலையையோ சுவரோவியத்தையோ படிக்க ஐந்து கேள்விகள் போதும். நோட்டுப் புத்தகம், பேனா, இரண்டு வேளை நேரம்: காலையில் ஒரு முறை, இருட்டும் சமயத்தில் ஒரு முறை. வெளிச்சமும் கூட்டமும் மாறும்போது படைப்பும் மாறுகிறது.

முதல் கேள்வி: யார் வைத்தார்கள், எப்போது, எதற்காக? சென்னை மெரினாவில் வரிசையாக நிற்கும் சிலைகளை வெறும் அலங்காரமாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. 1968 ஜனவரியில் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைக்கப்பட்டவை அவற்றில் பல. திருவள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதியார், பாரதிதாசன் ஆகியோரோடு, வெளிநாட்டிலிருந்து வந்து தமிழுக்கு உழைத்த வீரமாமுனிவர், கால்டுவெல், ஜி.யு.போப் ஆகியோரும் நிற்கிறார்கள். யாரைத் தமிழின் முன்னோராகக் கொள்வது என்று அண்ணா தலைமையிலான அரசு கடற்கரையில் போட்ட பட்டியல் அது. பட்டியலில் இல்லாதவர்கள் யார் என்று யோசிப்பதும் படிப்பின் பகுதிதான்.

இரண்டாவது: எங்கிருந்து, எந்த வேகத்தில் பார்க்கிறார்கள்? நடப்பவருக்கு முகபாவம் தெரியும். பைக்கில் போகிறவருக்கு உருவரை மட்டும்தான். கன்னியாகுமரி வள்ளுவர் சிலையைக் கரையிலிருந்தும் படகிலிருந்தும் பார்க்க வேண்டும் என்பதை மனத்தில் வைத்துத்தான் கணபதி ஸ்தபதி வேலை செய்தார். 38 அடிப் பீடம் அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு. மேலே 95 அடிச் சிலை பொருட்பால், காமத்துப்பால் அதிகாரங்களுக்கு. ஆக மொத்தம் 133. எண்ணத் தெரியாதவருக்கும் தூரத்திலிருந்து இடுப்பின் ஒசிவு தெரிகிறது. இதற்கு நேர் எதிரான அனுபவம் சிவாஜி கணேசன் சிலையுடையது. 2006இல் காமராஜர் சாலையில் வைத்த அந்தச் சிலை வாகன ஓட்டிகளின் பார்வையை மறைக்கிறது என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2017இல் அடையாறு மணிமண்டபத்துக்கு மாற்றப்பட்டது. சிலையின் தரம் பற்றி அங்கே கேள்வியே எழவில்லை. நின்ற இடம் மட்டுமே வழக்கு.

மூன்றாவது: ஊர் சொல்லும் கதை என்ன, அதில் எவ்வளவு நிஜம்? தீவுத்திடல் அருகே குதிரைமேல் இருக்கும் தாமஸ் மன்றோ சிலைக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. மறந்துபோன சிற்பி அவமானத்தில் உயிரை விட்டார் என்று சென்னையில் தலைமுறை தலைமுறையாகக் கதை உண்டு. 1839இல் நிறுவப்பட்ட இந்தச் சிலையைச் செய்தவர் லண்டன் சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி. அவர் செய்து டிராஃபல்கர் சதுக்கத்தில் நிற்கும் நான்காம் ஜார்ஜ் மன்னரும் சேணமில்லாமல், அங்கவடியில்லாமல்தான் குதிரையில் இருக்கிறார். ஒரே ஆள் இரண்டு முறை மறந்திருக்க முடியாது. அது அவருடைய பாணி. கதை பொய் என்று தெரிந்ததும் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. குதிரையேற்றம் தெரிந்த ஊர் ஒரு சிலையை எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறது என்பதற்கு அந்தக் கதையே சாட்சி. நோட்டில் இரண்டு பத்தி போட்டு, ஊர் சொல்வதை ஒன்றிலும் சரிபார்த்ததை மற்றதிலும் எழுதுவது நல்லது.

நான்காவது: மக்கள் அதை வைத்து என்ன செய்கிறார்கள்? உழைப்பாளர் சிலை 1959 குடியரசு நாளுக்கு முதல்நாள் மெரினாவில் திறக்கப்பட்டது. செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னை ஓவியப் பள்ளியின் முதல் இந்திய முதல்வர். நான்கு பேர் ஒரு பாறையைப் புரட்டுகிறார்கள். நால்வருக்கும் பெயர் கிடையாது, பட்டம் கிடையாது. தலைவர்கள் நிற்கும் கடற்கரையில் கூலிக்காரர்களுக்கு ஒரு பீடம். இந்தியாவின் முதல் மே தினத்தை 1923இல் சிங்காரவேலர் கொண்டாடியது இதே கடற்கரைப் பகுதியில்தான். இன்றும் மே 1 அன்று தொழிற்சங்கங்கள் மாலையோடு வருவது இந்தச் சிலைக்கு. மற்ற நாட்களில் அது 'உழைப்பாளர் சிலை ஸ்டாப்'. வழி சொல்லப் பயன்படும் அளவுக்கு ஒரு சிலை ஊரோடு கலந்துவிட்டால், அதைவிடப் பெரிய விமர்சனப் பாராட்டு எதுவும் அதற்கு வேண்டியதில்லை.

ஐந்தாவது: எது இப்போது இல்லை? 2001 டிசம்பரில் கண்ணகி சிலை மெரினாவிலிருந்து அகற்றப்பட்டது. இருந்தபோது அதைத் தினமும் கடந்து போனவர்களில் நிமிர்ந்து பார்த்தவர் சிலரே. இல்லை என்றானதும் நகரமே அதைப் பற்றிப் பேசியது. ஆட்சி மாறி, 2006 ஜூனில் திரும்பப் பழைய இடத்துக்கு வந்தது. வெற்றுப் பீடங்களையும், வெள்ளையடித்த சுவர்களையும், வண்ணத்துக்கு அடியில் தெரியும் பழைய கட்சிச் சின்னத்தின் நிழலையும் குறித்துக்கொள்ளாத ஆய்வு பாதி ஆய்வு.

ஆயுளை முதலில் முடிவு செய்தல்

செய்ய இறங்கும் குழு முதல் கூட்டத்திலேயே பேசி முடிக்க வேண்டியது, இது எத்தனை நாள் இருக்கப் போகிறது என்பது. என்ன வரைவது என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

கோலத்துக்கு ஒரு நாள். அய்யனார் கோயில் புரவிக்குச் சில ஆண்டுகள். வேளார் சுட்டுக் கொடுக்கும் மண்குதிரையைப் புரவி எடுப்பில் ஊரே சுமந்து போய்க் கோயில் வாசலில் நிறுத்துகிறது. வெயிலிலும் மழையிலும் அது கரைந்து உடைந்தால் யாரும் ஒட்டவைப்பதில்லை. பக்கத்தில் புதிய குதிரை வந்து நிற்கும். பழையது மண்ணோடு மண்ணாகும். சிதைவதற்கு இடம் வைத்தே செய்யப்பட்ட கலை அது. சினிமா கட்அவுட்டுக்குப் படம் ஓடும் வரை ஆயுள். சுவரோவியம் கடலோர வெயிலில் ஐந்தாறு ஆண்டு முகம் வாடாமல் இருந்தால் பெரிய விஷயம். வெண்கலம் தலைமுறைகளைத் தாண்டும். தவறாகச் செய்தாலும் தாண்டும்.

ஆயுள் தெரிந்துவிட்டால் பொருள், செலவு, அனுமதி, பேச வேண்டிய ஆட்கள் எல்லாம் தாமாக வரிசைப்படும். தெருத் திருவிழாவுக்கு மூன்று நாள் நிற்கப்போகும் துணிச் சிற்பத்துக்கும், பள்ளிச் சுவரில் பத்தாண்டு இருக்கப்போகும் ஓவியத்துக்கும் ஒரே அளவு பேச்சுவார்த்தை தேவையில்லை.

அனுமதி என்ற முதல் சாரம்

தனியார் சுவர் என்றால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல். வாடகைக்கு இருப்பவர் சரி சொன்னால் போதாது. அரசுச் சுவர் என்றால் அது எந்தத் துறையுடையது என்று கண்டுபிடிப்பதிலேயே ஒரு வாரம் போகும். ஒரே மேம்பாலத்தின் தூண் நெடுஞ்சாலைத் துறையுடையதாகவும், அடியில் உள்ள பூங்கா மாநகராட்சியுடையதாகவும், பக்கத்து மதில் ரயில்வேயுடையதாகவும் இருக்கலாம். குடியிருப்புகள் என்றால் குடிசை மாற்று வாரியம். 2021 முதல் அதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்.

இரண்டு சட்டச் செய்திகளைக் கையில் வைத்திருப்பது நல்லது. பொது இடங்களில் அலங்கோலம் செய்வதைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1959ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. சுவரொட்டிக்காரரைப் பிடிக்கும் அதே சட்டம் அனுமதியில்லாமல் வரைபவரையும் பிடிக்கும். சிலை வைக்க நினைப்பவர்கள் உச்ச நீதிமன்றத்தின் 2013 ஜனவரி உத்தரவைப் பார்க்க வேண்டும். பொதுச் சாலை, நடைபாதை போன்ற பொதுப் பயன்பாட்டு இடங்களில் புதிய சிலைகளுக்கு அனுமதி தரக் கூடாது என்று மாநிலங்களுக்கு அது சொல்லியிருக்கிறது. சாலைமுனையில் வைக்கலாம் என்று திட்டம் போட்டவர் வளாகத்துக்குள்ளோ பூங்காவுக்குள்ளோ இடம் பார்க்க வேண்டியதுதான்.

அனுமதியே கேட்காமல் வென்றவரும் உண்டு. சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த் 1957 முதல், புதிய நகரத்துக்காக இடித்த ஊர்களின் உடைசல்களைச் சைக்கிளில் கொண்டுவந்து, அரசுக் காட்டுநிலத்தில் யாருக்கும் தெரியாமல் சிற்பங்கள் செய்தார். சுமார் 18 ஆண்டு கழித்து அதிகாரிகள் கண்ணில் பட்டபோது, சட்டப்படி இடித்துத் தள்ளியிருக்க வேண்டும். ஊர் விரும்பியது, 1976இல் ராக் கார்டன் என்று பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். சுவாரசியமான கதை. ஆனால் தன் பள்ளி மாணவர்களை அழைத்துக்கொண்டு சுவருக்குப் போகும் ஆசிரியர் பின்பற்றக்கூடிய வழி அல்ல.

அந்தத் தெருக்காரர்கள்

எழுத்தில் வாங்கும் அனுமதி சட்டத்துக்கு. தெரு கொடுக்கும் அனுமதி வேறு. அதற்குப் படிவம் கிடையாது.

சென்னைக்குத் தெற்கே, பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய கண்ணகி நகர், நகரத்தின் ஆற்றோரங்களிலிருந்தும் குடிசைப் பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்களை 2000 வாக்கிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய இடம். பெயரைச் சொன்னாலே வேலை கொடுக்கத் தயங்குகிறார்கள் என்பது அங்கே வளர்ந்த இளைஞர்களின் பல காலத்துக் குறை. 2020இல் ஸ்டார்ட் இந்தியா என்ற அமைப்பு, மாநகராட்சி, ஏஷியன் பெயின்ட்ஸ் ஆகியவற்றோடு சேர்ந்து இங்கே அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய ஓவியங்களை வரையச் செய்தது. சென்னை ஓவியர் ஏ-கில் வரைந்த, வாய்விட்டுச் சிரிக்கும் குழந்தைகளின் முகங்கள் அவற்றில் பலருக்கும் பழக்கமானவை. செய்தித்தாள்களில் கண்ணகி நகர் என்ற பெயர் முதன்முறையாகக் குற்றச் செய்தி அல்லாத பக்கத்தில் அடிக்கடி வந்தது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. சுவரில் வண்ணம் ஏறியதால் குழாயில் தண்ணீர் கூடவில்லை, வேலைக்குப் போகும் பேருந்துத் தூரம் குறையவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் வரையப் போகும் குழு இதை யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தே போக வேண்டும். கேட்கும்போது சமாளிக்கக் கூடாது. வண்ணத்தால் முடிந்தது எது, முடியாதது எது என்று முதல் கூட்டத்திலேயே பேசிவிட்ட குழுவைத் தெரு நம்புகிறது. ஓவியத்துக்கு வரும் அதிகாரியிடம் சாக்கடைப் புகாரையும் சேர்த்துக் கொடுக்க இடம் ஏற்படுத்தித் தந்த குழுவை இன்னும் நம்பும்.

2021இல் இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தில் ஏ-கில் வரைந்த நீண்ட முகவரிசை இன்னொரு பாடம். எச்.ஐ.வி. உள்ளவர்கள் மீதான ஒதுக்கலை எதிர்க்கும் ஓவியம் அது. எச்சரிக்கை வாசகமோ சிவப்பு நாடாவோ முன்னால் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. வெவ்வேறு வயது, வெவ்வேறு தோற்றம் கொண்ட முகங்கள், அவ்வளவுதான். இவர்களில் யாருக்குத் தொற்று என்று பார்ப்பவரால் சொல்ல முடியாது. அந்த இயலாமையில்தான் செய்தி இருக்கிறது.

தெருவை வேலைக்குள் கொண்டுவருவது எப்படி? 1984இல் பிலடெல்பியாவில், சுவர்களில் கிறுக்கும் இளைஞர்களை ஓவியத்துக்குத் திருப்பும் முயற்சியாகத் தொடங்கி, இன்று பெரிய நகர அமைப்பாக வளர்ந்திருக்கும் சுவரோவியத் திட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. மெல்லிய பாராசூட் துணியைச் சதுரங்களாக வெட்டி, எண் போட்டு, உருவரை வரைந்து, பள்ளிக்கும் முதியோர் கூடத்துக்கும் சிறைக்கும் அனுப்புகிறார்கள். எண்ணுக்குரிய வண்ணத்தை யார் வேண்டுமானாலும் நிரப்பலாம். காய்ந்த சதுரங்களைச் சுவரில் பசையால் ஒட்டினால் பின்னால் துணி என்றே தெரியாது. சாரத்தில் ஏற முடியாத எழுபது வயதுக்காரரும் சுவரில் ஒரு சதுரத்தைத் தன்னுடையது என்று காட்ட முடிகிறது.

துணி கிடைக்காத ஊரிலும் இதே எண்ணத்தைப் பின்பற்றலாம். சுவரின் அடிப்பகுதி 5 அடி உயரத்தைத் தெருவுக்கு விட்டுவிட்டு, மேல்பகுதியை மட்டும் ஓவியர் வைத்துக்கொண்டால் ஏணி, சாரம் தகராறும் குறையும்.

சுவரைத் தயார் செய்தல்

முதலில் உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பார்க்க வேண்டும். கையில் வெள்ளை ஒட்டினால் பழைய சுண்ணாம்பு. அதன்மேல் எந்த விலையுயர்ந்த வண்ணமும் நிற்காது. சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசு துடைத்துவிட்டுத்தான் பிரைமர். புதிய பூச்சுச் சுவர் என்றால் 28 நாள் காயவிட வேண்டும். சிமென்ட்டின் காரம் அடங்காமல் வண்ணம் அடித்தால் திட்டுத்திட்டாக வெளுக்கும்.

அடுத்து ஓதம். ஓர் அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்ப்பது எளிய சோதனை. உள்பக்கம் நீர் முத்துமுத்தாகக் கோத்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. உப்பு பூத்திருந்தாலும் அதே பொருள்தான். தூரிகையை மூட்டை கட்டிவிட்டு, ஒழுகும் குழாயையோ மொட்டைமாடி நீர்வழியையோ முதலில் சரிசெய்யச் சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு தொடங்காமல் பிப்ரவரி வரை பொறுப்பது சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களுக்குப் பொருந்தும்.

வெளிச்சுவர் எமல்ஷன் 1 லிட்டர், இரண்டு பூச்சுக்குச் சுமார் 50 முதல் 60 சதுர அடி வரும். 20 அடிக்கு 15 அடிச் சுவர் 300 சதுர அடி. அடிவண்ணத்துக்கே 5, 6 லிட்டர் ஆகிவிடும் என்று இதிலிருந்து கணக்குப் போடலாம். சொரசொரப்பான சுவர் இன்னும் குடிக்கும். நிறத்தில் காவியும் மஞ்சள்காவியும் இரும்புச் சேர்மங்கள், வெயிலைத் தாங்கும். பளபளக்கும் இளஞ்சிவப்பும் ஒளிரும் மஞ்சளும் மேற்குச் சுவரில் சீக்கிரம் வெளிறும். அந்த நிறங்கள்தான் வேண்டும் என்றால், மறுபடி தொட எளிதான கீழ்ப்பகுதியில் வைத்துக்கொள்ளலாம்.

சிறிய வரைபடத்தைப் பெரிய சுவருக்கு ஏற்றும் வித்தையைத் தமிழ்நாட்டில் எவரும் வெளியில் போய்க் கற்க வேண்டியதில்லை. கட்டம் போட்டு முகத்தைப் பெரிதாக்குவது சினிமா பேனர் ஓவியர்களின் கைப்பழக்கம். அண்ணா சாலையின் மாடி உயர நாயகர்கள் அப்படித்தான் எழுந்தார்கள். 2000க்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலைச் சாய்த்தது. 2010 வாக்கில் சுவரொட்டிகளைத் தடுக்கச் சென்னை மாநகராட்சி பொதுச் சுவர்களில் பண்பாட்டுக் காட்சிகளை வரையச் செய்தபோது, தூரிகை பிடித்தவர்களில் பழைய பேனர்காரர்கள் பலர். உள்ளூரில் அப்படி ஒருவர் இருந்தால் குழுவில் சேர்த்து, மற்றவர்களுக்குத் தருவது போலவே கூலியும் தர வேண்டும்.

முறை இதுதான். 20 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர் வரைபடத்தில் 1 சென்டிமீட்டர் கட்டங்கள். சுவரில் 1 அடிக் கட்டங்கள். சாக்பீஸ் பொடி தடவிய நூலை இரு முனையிலும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால் நேர்கோடு விழும். 300 கட்டம் போட இரண்டு பேருக்கு அரை நாள். கட்டம் போட முடியாத கரடுமுரடான சுவரில் கண்டபடி எழுத்துகளும் குறிகளும் கிறுக்கி, புகைப்படம் எடுத்து, அதன்மேல் வரைபடத்தைக் கைப்பேசியில் பதித்துப் பார்த்துக்கொண்டே வரைவது இன்றைய இளம் ஓவியர்களின் வழி.

சாரம் சவுக்குக் கம்பாக இருந்தாலும் இரும்பாக இருந்தாலும் கட்டத் தெரிந்தவர்தான் கட்ட வேண்டும். 10 அடிக்கு மேல் ஏறுபவருக்கு இடுப்புப் பட்டையும் தலைக்கவசமும். சுவருக்கு அருகே மின்கம்பி போனால் மின்வாரியத்திடம் சொல்லாமல் சாரம் எழக் கூடாது. வேலை நேரம் காலை 6 முதல் 10 வரை, மாலை 4க்குப் பிறகு. உச்சி வெயிலில் அடிக்கும் வண்ணம் சுவரில் பரவுமுன் காய்ந்து கோடு விடும். அடிப்பவருக்கும் மயக்கம் வரும்.

வரைந்த பிறகு

புதுதில்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் 1957இல் பணி ஏற்று 1962இல் முடித்த வெண்கலச் சுவர்ச் சிற்பம் சுமார் 140 அடி நீளமும் 40 அடி உயரமும் கொண்டது. 1979இல் கட்டடத்தைப் புதுப்பித்தபோது, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அதைப் பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். 2005இல் தில்லி உயர் நீதிமன்றம், மிஞ்சிய பகுதிகளைச் சிற்பியிடம் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் சொன்னது. படைப்பை விற்ற பிறகும் அதன் சிதைவைக் கேள்வி கேட்கும் உரிமை படைத்தவருக்கு உண்டு என்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவிலிருந்து எடுத்து நிலைநாட்டிய தீர்ப்பு அது. வந்து சேர 26 ஆண்டு ஆயிற்று.

அதற்குப் பதிலாக, தொடங்கும் முன்பே ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதிவிடலாம். அதில் இருக்க வேண்டியவை: எத்தனை ஆண்டுக்கு, சுவரை இடிக்கவோ வெள்ளையடிக்கவோ நேர்ந்தால் எத்தனை நாளைக்கு முன் ஓவியருக்குச் சொல்ல வேண்டும், பழுது பார்ப்பது யார் பொறுப்பு, யார் செலவு, ஓவியர் பெயர் எந்த மூலையில், எந்த அளவில். வேலையில் கை வைத்த எல்லோருடைய பெயரும் சுவரில் வர இடம் ஒதுக்க வேண்டும்.

புகைப்படத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலையைப் படமெடுத்து வெளியிட அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வெளிப்படையாக விலக்குத் தருகிறது. சுவரோவியத்தை அந்த விலக்கு பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. அதனால் நாட்காட்டியிலோ விளம்பரத்திலோ போட விரும்புகிறவர் ஓவியரிடம் கேட்டுவிடுவதே பாதுகாப்பு; ஒப்பந்தத்தில் இதற்கும் ஒரு வரி வேண்டும்.

பயிற்சி

1. வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள ஒரு சிலை அல்லது சுவரோவியத்தைத் தேர்ந்தெடுத்து, காலை ஒரு மணி நேரமும் மாலை ஒரு மணி நேரமும் எதிரே உட்கார்ந்து ஐந்து கேள்விகளுக்கும் குறிப்பு எழுதுக. எத்தனை பேர் கடந்தார்கள், எத்தனை பேர் நிமிர்ந்து பார்த்தார்கள் என்று கோடு போட்டு எண்ணுக.

2. பக்கத்துப் பூக்கடை, ஆட்டோ நிறுத்தம், டீக்கடை ஆகிய மூன்று இடங்களில் அதைப் பற்றி விசாரித்து, சொன்னதைச் சொன்னபடியே எழுதுக. பிறகு ஒரு நூலகத்தில் சரிபார்த்து இரண்டாம் பத்தியை நிரப்புக.

3. அதே தெருவில் வெறுமையாக உள்ள ஒரு சுவரைப் பார்த்து வைக்கவும். யாருடையது, எந்தத் திசை பார்த்தது, எந்த மணிக்கு வெயில் விழுகிறது, ஓதம் உண்டா, எதிரே நிற்க எவ்வளவு தூரம் இருக்கிறது என்று அட்டவணை போடுக. வெடிப்போ, குழாயோ, வேப்பங்கிளையோ இருந்தால் அதை வரைபடத்தில் முதலில் குறிக்கவும்.

4. அந்தச் சுவரை நாள்தோறும் பார்ப்பவர்களில் ஐந்து பேரிடம் வரைபடத்தைக் காட்டுக. ஒருவர் சிறுவராகவும் ஒருவர் எழுபது தாண்டியவராகவும் இருக்கட்டும். அவர்கள் விரல் வைத்துக் காட்டிய இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு, தேதி போட்டு, அடுத்த அத்தியாயத்தின் செலவுக் கணக்குக்காக எடுத்து வைக்கவும்.